பதினொரு கம்பிகளும் என் தம்பியின் காதும்

கிட்டார் தெரிந்தவருக்கு ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியத்தில் சுருதி சேர்க்கக் கற்றுக்கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆறு கம்பிக்குப் பதில் பதினொன்று. ஐந்து ஜோடி, தடித்த கம்பி ஒன்று மட்டும் ஒண்டிக்கட்டை. ஜோடிக் கம்பிகள் இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும், அவ்வளவுதான். முறுக்குகிற பிரடைகள் வெறும் மரம்; கிட்டாரைப் போலப் பல்சக்கரம் கிடையாது. அழுத்திக்கொண்டே திருப்பாவிட்டால் நழுவிவிடும்.

என் தம்பி நல்ல கிட்டார்காரன். நாடு நாடாகப் போகும் இசைக்குழு ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஊத்தும் வாசிக்க வேண்டும், மூன்று வாரத்தில் தயாராகிவிடு என்றார்கள். ஊத் வாசிப்பவன் நான். அதே குழு என் வாசிப்பை இரண்டு முறை கேட்டுவிட்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை.

முதல் நாளே சுருதி சரியா என்று காட்டும் அவனுடைய ட்யூனர் கருவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காதால்தான் பழக வேண்டும் என்றேன். நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வதுதான். அவன் பிரடையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து என் மனைவி, "தம்பி, துணி பிழியறீங்களா, சுருதி சேக்கறீங்களா?" என்று கேலி செய்தாள். அவனும் சிரித்தான். நான்கே நாளில் கச்சிதமாகச் சேர்த்துவிட்டான். காது அப்படி.

அவன் முகம் கழுவப் போகும்போது ஜோடியில் ஒரு பிரடையை மட்டும் மயிரிழை தளர்த்தினேன். திரும்பி வந்து மீட்டினான், முகம் சுருங்கியது. மறுபடி சேர்த்தான். அடுத்த முறை அவன் சரியாகச் சேர்த்ததையே தப்பு என்றேன். பத்தாம் நாள் அவனுடைய கிட்டாரையும் லேசாகத் தொட்டு வைத்தேன்.

"அண்ணா, சரியாத்தான் வெச்சேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"கம்பி பொய் சொல்லாதுடா. காதுதான்."

காது டாக்டர் பழுதேதும் இல்லை என்றார். சத்தம் கேட்பது வேறு, சுருதி கேட்பது வேறு என்று தம்பிக்கு விளக்கினேன். வர இயலவில்லை என்று குழுவுக்கு அவனே எழுதினான். உறைமேல் முகவரியை நான் எழுதிக்கொடுத்தேன். கிட்டாரை என்னிடமே விட்டுவிட்டான்.

சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று மர அறுவை ஆலையில் நான்தான் சேர்த்துவிட்டேன். நாள் முழுக்க ரம்பத்தின் பக்கத்தில் நிற்கும் வேலை. காதை மூடிக்கொள்ள ஏதாவது வாங்கட்டுமா என்று கேட்டான். இனி எதற்கடா என்றேன்.

இப்படி ஆறு வருஷம். போன வாரம் பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். அவன் திரும்பவேயில்லை.

நீங்களே பாருங்கள். காது சரியில்லை என்று அன்றைக்கே கண்டுபிடித்தது நான் ஒருவன்தான்.