ஒண்ணரைச் சுத்து

...அதாங்க நானும் கேக்கறேன், இருபத்தஞ்சு வருஷத்துக் காருக்கு எதுக்குங்க புது ரெகுலேட்டர்? உக்காருங்க, பையை மடியில வெச்சுக்கறேன். ஷிபுகாவாவுல இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ரெண்டு மணிக்குத்தான். கார் ஓடற மாதிரி இருந்தா நான் ஏங்க பஸ்ஸுக்கு நிக்கறேன்...

எங்க வீட்டுக்காரரு பேரு ஷிகேகி. பகலெல்லாம் கொன்யாக்குக் கிழங்கு அரைக்கற ஆலையில வேலை. சாயங்காலம் வந்தா பானெட்டைத் தூக்கிட்டு உள்ள தலையை விட்டுக்குவாரு. கல்யாணமான புதுசுல என் மூஞ்சியைக்கூட அவ்வளவு நேரம் பாத்ததில்ல. போன வருஷம் காருக்குள்ள பெரிய பெட்ரோல் பம்ப் மாட்டினாரு. மாட்டினவரு சும்மா இருந்தாரா? பம்ப் தள்ளற வேகத்துக்குப் பழைய ரெகுலேட்டர் தாங்கலையாம், பெட்ரோலோட அழுத்தம் நிலையா நிக்கலையாம், மலையேத்தத்துல இழுவை பத்தலையாம். ஏங்க, மனுஷனுக்கே மாடிப்படி ஏறினா இழுவை பத்தல. அதுக்கு யாரு பார்ட்ஸ் மாட்டறது?

சரின்னு நகாசாதோ அண்ணன்தான் மாட்டிக் குடுத்தாரு. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து இவரும் அவரும் கூட்டாளிங்க. இந்த பஸ் போற வழியிலதான் ஒர்க்ஷாப் வெச்சிருக்காரு. தங்கமான மனுஷன். அந்த ரெகுலேட்டர் ஒரு நீல உருண்டை, பக்கத்துல குட்டி மீட்டர், தலையில ஒரு ஸ்க்ரூ. அண்ணன் முள்ளை மூணுல நிறுத்தி, ஸ்க்ரூ நகராம இருக்கப் பூட்டு நட்டை முடுக்கினாரு. இவரு பொண்ணு பாக்க வந்த மாதிரி அதைச் சுத்திச் சுத்தி வந்தாரு. 'இந்த ஸ்க்ரூவை உள்ள முடுக்கினா பெட்ரோல் ஜாஸ்தி போகும், கிமிகோ, பாரு பாரு'ன்னாரு. பாத்தேன்... பாத்துத் தொலைச்சேன்.

பதினஞ்சு நாள் முன்னால ஹருணா மலையில கிளப்காரங்க கூடற நாளு. புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. சமவெளியில ஜம்முனு ஓடியிருக்கு. மலையில ஒரு மிதி மிதிச்சதும் இஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தாம, சூடேறி, பிஸ்டன்ல ஓட்டை. இழுத்துக்கிட்டுதான் வந்தாங்க. வந்தவரு நேரா ஒர்க்ஷாப்புக்குப் போயி, 'உன்ன நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்'னுட்டாரு. ஐம்பது வருஷ சிநேகிதம், அன்னியோட பேச்சு நின்னுபோச்சு.

அந்த அண்ணனாவது திருப்பித் திட்டியிருக்கலாமில்ல? திட்டல. குனிஞ்சு பாத்தாராம். 'நட்டு லூசா இருக்கு. நான்தான் சரியா முடுக்கல. கை போச்சு எனக்கு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாராம். இந்த மாசத்தோட கடையை மூடறாராம். அவரு பொண்டாட்டி மார்க்கெட்ல என்னைப் பாத்து அழறா. நானும் அழறேன். அவளுக்கு நான் ஏன் அழறேன்னு தெரியாது...

என்ன அப்படிப் பாக்கறீங்க? நட்டு தானா லூசாகுமான்னா? ஆகாதுங்க. நல்ல நட்டு அது. நானே ரெண்டு கையால ஸ்பேனரைப் புடிச்சுத் தொங்கிதான் கழட்டினேன்.

மலைக்குப் போன அன்னிக்குக் காலையில அவரு குளிச்சிக்கிட்டிருந்தாரு. எங்க வீட்டுல கேஸ் அடுப்பு சிலிண்டர்ல ஓடறது. கொதி வந்ததும் சிம்ல வெச்சா ரெண்டு வாரம் கூட வரும். இதுவும் ரெகுலேட்டர்தானே? உள்ள முடுக்கினா ஜாஸ்தி போகும்னா, வெளிய திருப்பினா மிச்சமாகும்தானே? ஒண்ணரைச் சுத்துங்க, அவ்வளவுதான். திரும்ப நட்டை முடுக்கறதுக்குள்ள குளிச்சிட்டு வந்துட்டாரு. பானெட்டைச் சாத்திட்டு, துணி காயப்போடற மாதிரி நின்னுட்டேன்.

இல்ல, இன்னும் சொல்லல. அதுக்குத்தான் கிளம்பி வந்திருக்கேன். முதல்ல அண்ணன்கிட்ட, அப்புறம் இவருகிட்ட. ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேன். 'அண்ணே, உங்க கைக்கு ஒண்ணுமில்ல, கோளாறு என் கையில'ன்னு... நல்லாயிருக்கா? ரொம்பத் தாழ்ந்து போற மாதிரி இருக்கோ?

பெல் அடிச்சிட்டீங்களா, இங்கயா இறங்கறீங்க? நானும் இந்த ஸ்டாப்தாங்க. அதோ, ஷட்டர் பாதி தூக்கியிருக்கு பாருங்க, அதான் ஒர்க்ஷாப். வாசல்ல உக்காந்திருக்கறது அண்ணன்தான். எவ்வளவு இளைச்சுட்டாரு...

இல்லயில்ல, நீங்க முன்னால போங்க. எனக்காக நிக்க வேணாம். எனக்குக் கால் மரத்துப்போச்சு.

டிரைவர், அவங்க இறங்கிட்டாங்க, கதவைச் சாத்திக்குங்க. நான் நேத்து மாதிரியே கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடறேன்.

...என்ன? சாத்த மாட்டீங்களா? பின்னால உக்காந்து நான் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா?

அண்ணன்கிட்டதான் உங்க காரையும் விடறீங்களா.

சரி... இறங்கறேன். கொஞ்சம் கையைக் குடுங்க.