மடுவத்துச் செவுத்துல எழுதுன பேரு

இல்ல தம்பி, போன்ல நீங்க படம் பாக்குறதப் பாத்துட்டுத்தான் கேக்குறேன். பழைய படமெல்லாம் பாப்பீங்களா? பள்ளிக்கூடத்துப் பையனும் புள்ளையும் லவ் பண்ற படம்? பாக்க மாட்டீங்களா! அட போங்க, நாங்க அதுக்கு உசுர விட்டோம். நானா? ஹல்துமுல்லைக்கு, பொஞ்சாதியப் பாக்க. அந்த பஸ் ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, சாரல் அடிக்குது.

தீவாளிக்கு எங்க தேயிலத் தோட்டத்து வாசகசாலைல நான்தான் அப்பிடி ஒரு படம் போட்டேன். பதினெட்டு வயசுல பதுளைல நாலு தடவ பாத்தது. எளவட்டம் பூரா வந்துச்சுங்க. ஹீரோ அந்தப் புள்ள பின்னாலேயே போறான், பஸ்ஸ மறிக்கிறான், கடைசில பள்ளிக்கூடத்துச் செவுத்துல ரெண்டு பேரு பேரையும் பெருசா எழுதுறான். நாங்க விசிலடிச்ச எடம் தம்பி அது! இதுக சிரிக்குதுக. எம் மக சிவசக்தி, ஏ லெவல் படிக்கிறா, எந்திரிச்சு நின்னு கேக்குறா, ஏம்ப்பா, அந்தப் புள்ளகிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கவே இல்லயேன்னு.

சுருக்குன்னு தச்சுச்சு. ஏன்னா நானும் எழுதுனவன். படம் பாத்துட்டு வந்த சூட்டுல, கொழுந்து நிறுக்குற மடுவத்துச் செவுத்துல, சுண்ணாம்பால, எம் பேரு, பக்கத்துல ஜெயந்தினி பேரு. விடிஞ்சதும் வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வந்த சனம் பூரா பாத்துருச்சு. அதுவரைக்கும் அவகூட ஒரு வார்த்த பேசுனதில்ல தம்பி, சத்தியமா. யாரு நம்புவா? பொண்ணு பேரு கெட்டுப்போச்சுன்னு தோட்டத் தலைவர் வந்து பேசி, ஒரே மாசத்துல கோயில்ல தாலி. நான் ஜெயிச்சுட்டேன்னு துள்ளுனேன்.

ஆமா, அவதான். இருவத்திரெண்டு வருசம். சேச்சே, சண்டையெல்லாம் இல்ல. மக கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க, எம் பக்கத்துல ஒக்காந்திருந்த இவ சிரிக்கல. என்னையும் பாக்கல. மக கேட்டதுக்கு 'அதானே'ன்னு மட்டும் சொன்னா. அம்புட்டுத்தான். மறுநா பைய எடுத்துக்கிட்டு, அவ அம்மா இப்ப இருக்குற ஹல்துமுல்லைக்குப் போய்ட்டா. பதினோரு நாளாச்சு.

கூட்டியாரவா? இல்ல தம்பி, கேக்கத்தான் போறேன். என்னையப் புடிச்சிருந்துச்சா புள்ளன்னு. அன்னைக்குக் கேட்டிருக்கணும். இல்லன்னு சொல்லிட்டா?

என்னது, ஹல்துமுல்லை தாண்டிருச்சா? தெரியும் தம்பி, நானும் பாத்தேன். காலைல போறப்பவும் தாண்டுனேன், திரும்பி வாறப்பவும் தாண்டுனேன், இது மூணாந் தடவ. எறங்கக் கால் வரமாட்டேங்குது.