ஒப்புக்கு ஒரு வரி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் செய்து கொடுத்த நாற்காலி எதுவும் ஆடாது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சுவரோரம் இருக்கும் இரும்பு நாற்காலிகள் எல்லாம் என் பட்டறையில் செய்தவை. அந்த அறைத் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். அதற்குத் தக்கபடி ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளந்து வெட்டினேன். எங்கள் பாட்டெழுதும் கிளப் வாரம் ஒரு மாலை கூடுவது அந்த நாற்காலிகளில்தான்.

கேட், ஜன்னல் கிரில், பால்கனிக் கம்பி இதெல்லாம் என் பிழைப்பு. பாட்டு என் பைத்தியம். கிரைண்டர் ஓடுகிற சத்தத்திலும் என் வாய் தானனா போட்டுக்கொண்டிருக்கும். கிளப்பில் சேர்ந்தால் தேறிவிடலாம் என்று நம்பிச் சேர்ந்தேன். காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன்.

டாக்டர் கீபோர்டில் ஒரு மெட்டு வாசிப்பார். அடுத்த வாரம் ஆளுக்கொரு பாட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். பாடி முடித்ததும் மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டு வெளியே போகும்போது நீங்களும் பின்னாலேயே போய் விளக்கம் சொல்வீர்களா என்று டாக்டர் கேட்பார். எதிரில் இருப்பவர் பேச முடியாமல் இருப்பது அவருக்குத் தொழில் முறையில் பழக்கமான விஷயம்.

என் பாட்டு முடிந்ததும் அறையில் ஓர் அமைதி வரும். நல்ல அமைதி இல்லை. பஸ் வராத நிறுத்தத்தில் இருக்குமே, அந்த மாதிரி. பிறகு யாராவது ஒருவர், "கணக்கு சரியா இருக்கு" என்பார். மற்றவர்கள் அவசரமாகத் தலையாட்டுவார்கள். எத்தனையோ பாட்டு எழுதினேன், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். மெட்டு நீளும் இடத்தில் நெடில், குறுகும் இடத்தில் குறில், ஓர் எழுத்து இடறாது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை. ஒருமுறை டாக்டர், இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும் என்றார். எங்கே இறங்குவது, எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது? கேட்கலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

வீட்டுக்காரியிடம் பாடிக் காட்டினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க பாட்டு நீங்க செய்யற கேட் மாதிரிங்க. நேரா, அழகா நிக்குது. பின்னாடி வீட்டைத்தான் காணோம்" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

இப்படி நான் நொந்துகொண்டிருந்த காலத்தில்தான் கிளப்பில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது புறப்படுகிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கிளப்பில் அவளுக்கு அறிவிப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன், போனால் எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் அறிவிப்புச் சொல்கிறவளுக்குத் தன் வீட்டு வண்டி எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. அவள் கொண்டுவந்த முதல் பாட்டே அதைப் பற்றித்தான். கணக்கு படுமோசம், வரிக்கு வரி நொண்டியது. ஆனால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் பாட்டுக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் அவளே என்னிடம் வந்தாள். "அண்ணா, இந்தக் குறில் நெடில் சமாசாரம் எனக்கு ஓடவே மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். நான் கணக்கைச் சொல்லிக் கொடுப்பது, அவள் உயிரைக் கொடுப்பது, இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவது என்று டாக்டரே முடிவுகட்டிவிட்டார்.

டம்மி போடச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சரியான சொல் வரவில்லை என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. மெட்டுக்குப் பொருந்துகிற ஏதோ ஒரு சொல்லை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துவிட்டு மேலே போகவேண்டும். பிறகு நல்ல சொல் கிடைக்கும்போது டம்மியை எடுத்துவிடலாம். அவளுக்குப் புரியட்டும் என்று பட்டறை வேலையையே உதாரணம் சொன்னேன். கம்பிகளை ஒரேயடியாக வெல்டிங் அடித்துவிட மாட்டோம். முதலில் மூட்டுக்கு மூட்டு ஒரு பொட்டு வைப்போம். கோணல் இல்லை என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். பொட்டு என்பது கம்பி விழாமல் நிற்பதற்கு மட்டும்தான், அதை நம்பி யாரும் சாயக்கூடாது. அவள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். மெட்டுக்கு டம்மி பாடி, போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். மனசை உருக்கும் ஒரு மெட்டுக்கு, சோப்பு வாங்க மறந்து போனேன் என்று உருகி உருகிப் பாடி அனுப்பியிருந்தாள். பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன்.

அப்படி எழுதிய பாட்டுதான் 'போன வண்டி திரும்பாதோ'. கடைசியில் மெட்டு நீண்டு போகும், அங்கே 'தோ' என்ற நெடிலை வைத்தது நான். டாக்டர் கேட்டுவிட்டு, இது இரண்டு பேரும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்றார். நகர மண்டபத்தில் கிளப்பின் முதல் மேடை நிகழ்ச்சி வரப்போகிறது, அதில் இதுதான் முதல் பாட்டு என்றும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவள் புருஷன் திரும்பி வந்துவிட்டான். சரக்கு இறக்கும்போது மூட்டை சரிந்து முதுகில் அடி, இனி லாரி ஓட்ட முடியாது. அவனையும் ஒரு நாள் கிளப்புக்கு அழைத்து வந்தாள். முதுகு வலியால் அவனால் உட்கார முடியாது. என் நாற்காலிகளை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பாட்டைக் கேட்டான். கேட்டவன் சும்மா இருந்திருக்கலாம். கடைசியில் 'தோ' என்று எதற்கு இழுக்க வேண்டும், 'போன வண்டி திரும்பலை' என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்டான்.

'லை' நீளாதா என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகிப்போகும், ஐயா. அங்கே மெட்டு அனாதையாகத் தொங்கும். டாக்டர் விளையாட்டாகப் பாடிப் பார்த்தார். 'திரும்பலை' என்று குரல் நின்றதும் கீபோர்டு மட்டும் தனியாக நீண்டு போயிற்று. அறையில் ஒருவரும் பேசவில்லை. இத்தனை காலமாக நான் காத்துக்கொண்டிருந்த அமைதி அது. எழுதியவன் பேசக்கூடாது என்பதையும் மறந்து, கணக்கு உதைக்கிறதே என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உதைக்கட்டுமே" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பாடம் கேட்க வருவது குறைந்தது. ஒத்தடம் கொடுக்கணும் அண்ணா, மாத்திரை வாங்கணும் அண்ணா என்பாள். பாட்டை அவரே கேட்டுவிட்டார், நன்றாக இருக்கிறதாம் அண்ணா என்பாள். எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் ஒரே சந்தோஷம், ஒரே தலையணை. கணக்கும் இல்லை, துக்கமும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய், வேலையிலிருந்து நேராகக் கிளப்புக்கு வந்து கொட்டாவி விடுவாள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருத்தி கண்ணெதிரே வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாட்டு எழுதாதவர்களுக்குப் புரியாது.

அப்போதுதான் அந்தப் பதிவு வந்தது. புது மெட்டு. முன்னேயும் பின்னேயும் வெறும் தானனா, நடுவில் மட்டும் இரண்டு வரி வார்த்தையோடு இருந்தது.

கண்ணு மூட நேரம் வேணும்
இந்த ஆளு போனாப் போதும்

கூடவே டொக் டொக்கென்று ஒரு சத்தம். விரலால் தாளம் போடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தாளம் கொஞ்சம் முந்துகிறது, சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. நல்ல வரியை எழுதும்போது மனிதன் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பார்த்து எழுதுகிறான். டம்மியை அப்படி எழுதுவதில்லை, அது தானாக வாயில் வருகிறது. ஆகவே உண்மை இருக்கிற இடம் டம்மிதான். டாக்டர் என்னை உள்ளே இறங்கச் சொன்னாரே, அவள் இறங்கிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அதையும் வேறு யாருக்கும் அனுப்பவில்லை, எனக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

அதே வாரம் போன் செய்தாள். அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். பால்கனிக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறதாம். "அவரு பொழுதன்னைக்கும் அதுல சாஞ்சுதான் நிக்கறாரு அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து போட்டாத்தான் நிம்மதி" என்றாள். பாட்டின் அடுத்த வரியைச் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

போனேன். பழைய கம்பியை அறுத்து எடுத்தேன். புதுச் சட்டத்தைத் தூக்கி வைக்கும்போது ஆள் வேண்டியிருந்தது. முதுகு வலியோடு அவனே வந்து பிடித்துக்கொண்டான். நல்ல மனுஷன்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவள் என்னை அண்ணா என்பதால் அவன் என்னை மச்சான் என்றான். "நான் சாயற பக்கம் கொஞ்சம் கெட்டியா போடுங்க மச்சான்" என்றான். சரி என்றேன்.

அவள் துணி காயப்போடும் பக்கம் முழு வெல்டிங் அடித்தேன். பொறுப்பில்லாத ஆள் இல்லை நான். அவன் சாயும் பக்கம் வெறும் பொட்டு. மேலே பட்டி தடவி, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தொழில் தெரிந்தவன் விரலால் தடவிப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. பெயின்ட் காயும்வரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காய்ந்த பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு ஆறுதல் சொல்லக் கிளப்பில் எல்லோரும் போனோம். அவள் அழவில்லை. சரி, உள்ளே தேங்குகிறது, ஒரு நாள் பாட்டாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. போனில்கூட ஒரு தானனா வரவில்லை. மேடை நிகழ்ச்சியை டாக்டர் ரத்து செய்துவிட்டார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பிய்ந்த கம்பியைக் காட்டி, "அடிக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள் என்று புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கவனக்குறைவு என்று வழக்கு சின்னதாகப் போயிருக்கும், வீட்டுக்காரியும் அப்படித்தான் சொல்லச் சொல்லி அழுதாள். ஆனால் நான் வெல்டிங் அடிக்க மறக்கிற ஆள் இல்லை, ஐயா. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. என் வேலையில் கவனக்குறைவு என்று நாளைக்கு நாலு பேர் படிக்கும்படி எழுதிவிடாதீர்கள். தெரிந்துதான் பொட்டோடு விட்டேன். அவன் சாய்வான் என்று தெரிந்து, விழுவான் என்று தெரிந்து, சாகட்டும் என்றே விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அவளை எனக்கு எதிரில் உட்கார வைத்தீர்கள். அந்த வரியைப் பாடிக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கேட்டேன்.

"அது டம்மிண்ணா" என்றாள். "டூட்டில இருக்கும்போது அறிவிப்பு ரூம்லேர்ந்து பாடினேன். ஒரு ஆளு வண்டி எப்ப, வண்டி எப்பன்னு கண்ணாடியத் தட்டிக்கிட்டே நின்னாரு. வாய்ல வந்துச்சு, மெட்டுல உக்காந்துச்சு, அப்படியே வச்சுட்டேன்."

அவ்வளவுதான் பேசினாள். நீங்கள்தான் தண்ணீர் கொடுத்து வெளியே அழைத்துப் போனீர்கள்.

நான் ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. தட்டுகிற சத்தம் முந்தியது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது. ஆனால் அந்த மெட்டில் எத்தனையோ சொல் உட்காரும், ஐயா. 'ஆளு' இருந்த இடத்தில் 'நாளு' என்று வைத்துப் பாடிப் பாருங்கள். இந்த நாளு போனாப் போதும். அதே நெடில், அதே குறில், ஒரு மெய்தான் கூடுதல், கணக்கு இம்மி பிசகாது. நான் அவளுக்கு அவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தேன். நாளு என்று அவள் பாடியிருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கும் பால்கனியில் நின்றுகொண்டிருப்பான். ஏன் பாடவில்லை என்று நீங்கள் அவளைத்தான் விசாரிக்க வேண்டும்.