பனியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போன வேட்பாளர்

பங்குத்தந்தை லூசியன் மோரின் அவர்களே! நம் ஆஷ்பி ஃபால்ஸ் ஊர்க்கூட்டத்தை ஆண்டுதோறும் நடத்திவைக்கும் திருமதி பெவர்லி ஸ்டோக்ஸ் அவர்களே! ஒரே பெஞ்சில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் இரண்டு கட்சிகளின் ஊர்த் தலைவர்களே! இந்த அதிசயத்தைப் பார்க்க ஆர்மண்ட் இல்லாமல் போனாரே!

முன்வரிசையில் அவருடைய மகள் சிமோன் இருக்கிறாள். பக்கத்தில் மருமகன் டாட். அவர்களுக்குப் பின்னால், ஆர்மண்டோடு பனி தள்ளும் வண்டி ஓட்டிய ஆறு பேர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி. சமையலறை வாசலில் நம் பீன்ஸ் விருந்துக் குழுப் பெண்கள், ஒருவர் விடாமல். ஒஹையோவிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கும் குமாரி ஓபல் ஹென்ட்ரிக்ஸ். அவரும் ஜனாதிபதி வேட்பாளர்தான். சுவரோரம் நிற்பவர்கள், படியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நம் ஊர். தொலைக்காட்சியிலிருந்து யாரும் வரவில்லை. வராதவர்களையும் சொல்லிவிடுவது என் வழக்கம்.

என்னைத் தெரியாதவர் இருந்தால்: நான் ஜனீன் பெல்கி. சிமோனுக்கு ஞானத்தாய். வேலைக்குப் போகாமல் என் வீட்டைப் பார்த்துக்கொள்பவள். வேட்பாளர்கள் நம் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்கு வரும்போதெல்லாம், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பேனே, அவள்தான். இன்று அந்த மணியை நான் கொண்டுவரவில்லை.

அன்பானவர்களே! நம் சகோதரர், ஜனாதிபதி வேட்பாளர் ஆர்மண்ட் லபோண்டே அவர்கள், போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. ஜனாதிபதி வேட்பாளர் என்று சொன்னதும் சில முகங்களில் பழைய சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. பரவாயில்லை, சிரியுங்கள். அவரும் சிரிப்பார். முதல் முறை ஒரு கட்சியிலும் இரண்டாம் முறை எதிர்க்கட்சியிலும் நின்றவர் அவர். "என்னய்யா இப்படிப் பண்றே?" என்று கேட்டால், "ரோடு ரெண்டு பக்கமும்தானே போகுது? நான் ஒரு பக்கப் பனியை மட்டுமா தள்ளினேன்?" என்பார்.

ஆனால் அவர் ஏன் நின்றார்? ஜெயிக்க மாட்டோம் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த தேர்தலில் ஒரு மனிதன் ஏன் நிற்கிறான்? அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். சொல்லலாம் என்று சிமோன் அனுமதி தந்திருக்கிறாள். அவள் கையை டாட் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆண்டவர் என் நாக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை மூடினார்கள். அதற்கடுத்த ஜனவரியில் சிமோனுக்கு நாள் நெருங்கியது. காலையில் வலி எடுத்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலை இடுக்கு ரோட்டைக் கடந்தால்தான் அடுத்த ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. ஆர்மண்ட் தன் வண்டியை எடுத்தார். முப்பது வருடம் அந்த ரோட்டில் பனி தள்ளியவர். அவர் முன்னால் தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே டாட் காரை ஓட்டி வந்தான். பின்சீட்டில் சிமோன்.

எத்தனை பேருக்கு வழி திறந்துவிட்ட மனிதர்! பள்ளிக்கூட பஸ்ஸுக்கு, பால் வண்டிக்கு, சவ வண்டிக்கு! தன் மகளுக்காகத் தள்ளத் தள்ள, பனி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவில் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வந்த காரின் விளக்குகள் நின்றுபோயிருந்தன.

இறங்கி ஓடினார். குழந்தை பிறந்திருந்தது. பெண். மூச்சு இருந்தது, ஆனால் மிகவும் மெல்லியதாக இருந்தது. ஆர்மண்ட் கையுறையைக் கழற்றி, ஒரு பிடி பனியை உள்ளங்கையில் வைத்து, வாயால் ஊதி ஊதி உருக்கினார். அந்தத் தண்ணீரைக் குழந்தையின் நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் கொடுத்தார். ஆபத்தில் எந்தக் கிறிஸ்தவனும் கொடுக்கலாம் என்று நம் சபை சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை ஆண்டவரிடம் போயிருந்தது.

இது நம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர் உண்டா? ஆனால் நம் ஊர்ப் பழக்கம் என்ன? துக்க வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் பீன்ஸை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவோம். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்! அந்த வாரம் ஆர்மண்ட் வீட்டு வாசலில் அடுக்க இடமில்லாமல் பாத்திரங்கள் இருந்தன. குழந்தையின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிமோன் தன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, என் பொண்ணப் பத்தி வெளியில யார்கிட்டயும் பேசாதீங்க. என்னால தாங்க முடியாது." அவர் அவள் தலையில் கை வைத்து, "சரி கண்ணு, உன்னைக் கேக்காம பேச மாட்டேன்" என்றார்.

பிறகு அவர் ரோட்டைப் பற்றியும் பிரசவப் பகுதியைப் பற்றியும் மட்டும் பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போனார். மாநிலத்தைக் கேள் என்றார்கள். மாநிலத்தைக் கேட்டார், வாஷிங்டனைக் கேள் என்றார்கள். வாஷிங்டனுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள், கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு, நம் நியூ ஹாம்ப்ஷயருக்குத்தானே முதலில் வந்து ஓட்டுக் கேட்கிறார்கள்? கஸ் டோலனின் காபிக் கடைக்கு ஒரு பெரிய வேட்பாளர் வந்தபோது, ஆர்மண்ட் கூட்டத்தில் நின்று கேள்வி கேட்கக் கையைத் தூக்கினார். ஒரு உதவியாளர் தோளைத் தொட்டு, "ஐயா, கொஞ்சம் நகருங்க, படம் எடுக்கணும்" என்றார்.

கூட்டம் போனபின் கஸ் அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "யோவ் ஆர்மண்ட், நீயும் தலைநகர் காங்கர்டுக்குப் போய், வேட்பாளருங்க பேரைப் பதியுற அந்த மேஜையில உக்காந்து ஒரு கையெழுத்தப் போடு. நீயும் வேட்பாளர்தான். அப்புறம் எவன் உன்னை நகரச் சொல்வான்?"

"என்னய்யா, கிண்டலா?"

"பாதி கிண்டல்தான். மீதிய நீ பாத்துக்கோ."

கஸ் இங்கேதான் இருக்கிறார், தூணுக்குப் பக்கத்தில். தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள், கஸ்! இந்த ஊரில் அவருக்கு வேலைக்கு ஆகிற யோசனை சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

போய்க் கையெழுத்துப் போட்டார். நம் பீன்ஸ் விருந்தில் என்ன சட்டம்? ஓட்டுச்சீட்டில் பேர் இருந்தால் ஒரு தட்டு சாப்பாடு, பேச ஐந்து நிமிடம். கவர்னரானாலும் சரி, பனிவண்டி ஓட்டுபவரானாலும் சரி, குடும்பப் பெயரின் முதலெழுத்து வரிசையில்தான் பேச வேண்டும். பெரிய வேட்பாளர்கள் பேசுவதற்காகக் காத்திருந்த காமிராக்கள் எல்லாம் நம் ஆர்மண்டையும் படம் பிடிக்க வேண்டியதாயிற்று! அவர் ரோட்டைப் பற்றிப் பேசினார். அந்தத் தேர்தல் முடிந்த கோடையில், செல்போனுக்கு சிக்னல் கிடைக்காத அந்த வளைவில், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு மஞ்சள் டெலிபோன் பெட்டியை நட்டார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் சிலுவை போட்டுக்கொள்வேன். பெட்டி வந்தது. பிரசவப் பகுதி வரவில்லை.

நாம் என்ன செய்தோம்? குளிர்காலத் திருவிழாவில் அவருக்கு அட்டைக் கிரீடம் வைத்து, பனிவண்டி மேல் ஏற்றி, "ஜனாதிபதி! ஜனாதிபதி!" என்று கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினோம். அன்பாகத்தான் செய்தோம். அந்த அன்பு அவரை வேடிக்கை மனிதராக்கிவிட்டது, அன்பானவர்களே!

இரண்டாம் முறை இதே கூடத்தில், இதே மேடையில் நின்றார். வெளியூர் நிருபர் ஒருவர் எழுந்து, "திரு லபோண்டே, தோற்கப் போகிறீர்கள் என்று தெரியும். பின்னே ஏன் நிற்கிறீர்கள்? உங்கள் சொந்தக் காரணம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

நான் மணியைத் திருகிவிட்டேன். ஆர்மண்ட் வாயைத் திறந்தார். கூட்டத்துக்கு நடுவே சிமோனைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், வேறு காரணம் எதையும் சொல்லவில்லை. நின்றார். ஐந்து நிமிடமும் நின்றார். ஒலிபெருக்கியில் மணியின் டிக் டிக் மட்டும் கேட்டது. மணி அடித்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் செய்தியில், பேச்சு மறந்துபோன வேட்பாளர் என்று காட்டினார்கள். நாடே சிரித்தது. ஏன் பேசவில்லை என்று இந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நம்மில் ஒருவராவது எழுந்து சொன்னாரா? வாசலில் பீன்ஸை வைத்துவிட்டு வந்ததைப் போல, அவர் மௌனத்தையும் மேடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்று அவரருகே போய் உட்கார்ந்தவர் இந்த ஓபல் ஹென்ட்ரிக்ஸ்தான். தன் தம்பி செத்துப்போன சிறைச்சாலையைப் பற்றிக் கேட்பதற்காக ஊர் ஊராக நிற்பவர். என்ன பேசினீர்கள் என்று நேற்று கேட்டேன். "என்னத்தப் பேசுறது, அம்மா? 'உனக்கு யாரு?'ன்னு கேட்டேன். 'பேத்தி'ன்னாரு. 'எனக்குத் தம்பி'ன்னேன். எங்க கூட்டத்துல எல்லாருக்கும் ஒருத்தர் இருப்பாங்க. ஜெயிக்கிறவங்களுக்குத்தான் கொள்கை வேணும். எங்களுக்கு அந்த ஒருத்தர் போதும்" என்றார்.

இந்த ஆகஸ்டில் சிமோன் என் சமையலறைக்கு வந்தாள். நான் ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உட்காரவில்லை. "ஜனீன் அத்தை, அப்பாகிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவ சொல்லட்டும். அவ பேரையும் சொல்லட்டும். அன்னிக்கு அவர் வாய மூடிக்கிட்டு நின்னதப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள்.

"அவர் என்ன சொன்னார்டி?"

"எழுந்து போய் சட்டைய இஸ்திரி போட்டாரு. தேர்தலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்குப்பான்னேன். 'இருக்கட்டும் கண்ணு, தயாரா இருக்கட்டும்'னாரு."

அந்தச் சட்டையைப் போட்டுத்தான் வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.

ஆண்டவரே, ஒரு ஐந்து நிமிடம்! அதைத்தானே அந்த மனிதன் உம்மிடம் கேட்டான்? அனுமதி கிடைத்த பிறகு அவனுக்கு ஒரு மேடையைக் கொடுத்திருக்கக் கூடாதா? நான் உம்மைக் கேள்வி கேட்கவில்லை. அழுகிறேன், அவ்வளவுதான்.

குழந்தையின் பெயர் ஒடெட். ஒடெட் லபோண்டே கிரேவ்ஸ். இந்தக் கூடத்தில் இந்தப் பெயர் ஒலிபெருக்கியில் கேட்பது இதுவே முதல் தடவை. ஒடெட்டுக்காக நின்றார், நம் ஜனாதிபதி வேட்பாளர் ஆர்மண்ட் லபோண்டே. வேறு எதற்காகவும் இல்லை.

பிரியமானவர்களே! நம் விருந்துக் குழு சார்பில் உறுதி சொல்கிறேன்: இந்தக் குளிர்காலமும் விருந்து நடக்கும், ஓட்டுச்சீட்டில் பேர் உள்ள எல்லாருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும், லபோண்டேயின் 'எல்' எழுத்து வரும்போது நான் மணியோடு காத்திருப்பேன். ஆனால் அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டுமே! வேட்பாளர் ஆகாமல் கூட்டத்தில் நின்று பேசினால் மறுபடி நகரச் சொல்வார்கள். சிமோன் நிற்கத் தயார். சட்டம் முப்பத்தைந்து வயது கேட்கிறது, அவளுக்கு முப்பத்து மூன்று. எனக்கு வயது தேவைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கியூபெக்கில். இந்த நாட்டில் பிறந்தவர்தான் நிற்க முடியும். இல்லையென்றால் உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். இந்நேரம் காரில் இருப்பேன்.

ஜெயிக்க வேண்டாம். பெரிய பேச்சு வேண்டாம். காங்கர்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மேடையில் ஏறி ஏன் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும், அவள் பெயரோடு. உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவு வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பக்கவாசலில் நிற்பேன், சிமோனும் என்னோடு நிற்பாள். உங்களில் யார் போகிறீர்கள்? தயவுசெய்து பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.