மாட்டியாச்சு

மின்விசிறியைத் துடைக்க நாற்காலியில் ஏறினால்கூட, அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் மனைவி ஹஸீனாவைக் கூப்பிடுவேன். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கே அதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டும் சார். நான் அப்படிப்பட்ட ஆள்.

பூன் லே பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றி அப்புறப்படுத்தும் வேலை. அங்கே நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அந்தத் தகடுகள் மக்கிப்போனவை, ஆள் மிதித்தால் உடையும். பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். கூரை நெடுகக் கட்டிய கம்பிவடத்தில் பெல்ட்டின் ஹூக்கை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் கூரைக்கு ஏறியதும் கீழிருந்து, "ஹூக்கு?" என்று கேட்பேன். "மாட்டியாச்சு" என்று பதில் வரும். நான் சொல்லிக்கொடுத்த பதில்தான். ஆனால் ஹூக் பாட்டுக்கு இடுப்பில் தொங்கும், வாய் பாட்டுக்கு மாட்டியாச்சு என்று சொல்லும். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் மாட்டியாச்சு. துவாஸில் ஆட்கள் தங்கும் விடுதியில், குளிக்கிற இடத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

ஆரம்பித்து வைத்தவன் ரமணன், கூரைக் குழுவுக்குத் தலைவன். புதன்கிழமை அவனை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தேன்.

"பாய், நீங்க கேக்குறீங்க, நாங்க சொல்றோம். வேல ஓடுது லா. ஏன் டென்ஷன் ஆவுறீங்க?" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் உயிரைக் காப்பாற்ற நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவனுக்கு அது வேடிக்கை. மேலாளர் இயேசுதாசனிடம் போனேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு போஸ்டர் ஒட்டுங்க பாய். ஒருத்தன் விழுந்தாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனாலும் யோசித்துப் பார்த்தபோது, அது எனக்குச் சரியாகவே பட்டது.

மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன் கூரைக்கு ஏறினேன். ரமணன்தான் எப்போதும் முதலில் நடப்பான். அவன் நடக்கும் பலகையின் முனையை உத்தரத்திலிருந்து நகர்த்தி, வெறும் தகட்டின்மேல் வைத்தேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதைச் செய்யும்போது என் ஹூக்கை மாட்டியிருந்தேன்.

இதில் அநியாயம் எதுவும் இல்லை, கவனியுங்கள். மாட்டியவன் அந்தரத்தில் தொங்குவான், பிழைத்துக்கொள்வான். பொய் சொன்னவன் விழுவான். அதைவிட நியாயமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

கீழே வந்து நின்று, "ஹூக்கு?" என்றேன்.

"மாட்டியாச்சு பாய்," என்றான் ரமணன். அன்று அவன் சிரிக்கவில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

நடந்தான். தகடு உடைந்தது. அவனிடம் முதலில் ஓடிப்போனவன் நான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஹூக் மாட்டியிருந்தது சார். கம்பிவடமும் சுவரைப் பெயர்த்துக்கொண்டு அவனோடு வந்திருந்தது, அதைப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட்டோடு.

"நேத்து நீங்க திட்டுனதுக்கப்புறம், பாய் சொல்றது சரிதான்டா, இனிமே நெஜமாவே மாட்டுவோம்னு எங்ககிட்ட சொன்னான்," என்று அவனோடு வேலை செய்யும் அர்ஃபான் அழுதான்.

தினமும் காலையில் அந்த போல்ட்டை ஆட்டிப் பார்க்க வேண்டியவன் நான். அன்று பலகை வேலையில் மறந்துவிட்டது. அதை மறதி என்றே எழுதுங்கள், அலட்சியம் என்று எழுத வேண்டாம். அலட்சியம் எனக்குப் பிடிக்காது.

பலகையை நகர்த்தியது நான். கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். என் பொறுப்பில் இருந்தவரை, அந்தக் கூரையில் விதியை மீறி ஒருவன்கூடச் சாகவில்லை.