வெள்ளைன்னா எடுப்பா இருக்கும்

பருந்து மொதமொதல்ல எறங்குன அன்னிக்கு யாரெல்லாம் இருந்தாங்கன்னுதானே கேட்டீங்க? சொல்றேன் தம்பி. புல்லுல நாற்காலி போட்டு மாப்பிள்ளை, அவரு ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரு, அவரு சம்சாரம், என் மக. மதில் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் மேல ஏறிக்கிட்டு பக்கத்து வீட்டுப் பல் டாக்டரு. டீத் தட்டோட நான். ஆறு பேரு. விளக்குக் கம்பத்து மேல பருந்து. கீழ என்னோட புறா ஒம்போது. பழுப்பு நாலு, வெள்ளை அஞ்சு. யாரும் விட்டுப்போகல.

ஏணியப் புறாக்கூண்டுல நல்லா சாத்திட்டீங்களா? டீ ஆறிடப்போவுது, பாத்துக்கங்க. பால் ஊத்தல. நான் பால விட்டாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, தொண்டையில எறங்கல, அவ்வளவுதான்.

அன்னிக்கு நான்தான் மேய விட்டிருந்தேன். பழுப்புல ஒண்ணு கூட்டத்த விட்டுத் தள்ளிப் போச்சு. தொப்புனு விழுந்துச்சு பாருங்க பருந்து அது மேல! பருந்த நான் குத்தம் சொல்ல மாட்டேன். அதுக்கு அது சோறு. இந்த மனுசங்க இருக்காங்களே. புறா இன்னும் உசுரோட இருக்கு, தலைய ஆட்டுது. பருந்து அது பாட்டுக்கு நெஞ்சப் பிய்க்குது. இங்க மாப்பிள்ளை கேமராவுல படம் புடிக்கிறாரு, பிஸ்கட்ட மென்னுக்கிட்டே அந்த ஆபீஸ்காரரு சம்சாரம் சொல்லுது, புறாவோட கண்ணு தெரியுற மாதிரி எடுங்கன்னு. டாக்டரு சுவத்து மேல கை தட்டுறாரு. காத்துல வந்த தூவி ஒண்ணு என் மக டீயில விழுந்துச்சு. விரலால எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தக் குடிச்சா. த்தூ. நான் பெத்த பொண்ணு.

பருந்துன்னு சொன்னா மாப்பிள்ளைக்கு மூஞ்சி சுருங்கும். பருந்து இல்ல மாமா, வல்லூறும்பாரு. வல்லூறோ நல்லூறோ, எனக்கென்ன. அந்தப் படத்தப் பெருசாக்கி சாப்பாட்டு மேசைக்கு நேரா மாட்டியிருக்காரு. குடல் தொங்குது. அதுக்குக் கீழதான் மக சோத்தப் போட்டு சாப்பிடுங்கப்பாங்குறா. நான் தட்ட விட்டுக் கண்ண எடுக்குறதில்ல.

அந்தக் கூட வேலை பாக்குறவரு அன்னிக்கே உதட்டப் பிதுக்குனாரு. சுவரும் பழுப்பு, புறாவும் பழுப்பு, கலந்து போச்சு சார், வெள்ளைன்னா எடுப்பா இருந்திருக்கும்னாரு. டீ கிளாஸ எடுக்கப் போனேன், காதுல விழுந்துச்சு.

அதுக்கப்புறம் போனதெல்லாம் வெள்ளை. பழுப்புல ஒரு இறகு கூடத் தொடல. அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பருந்துக்குப் பசிக்குது. மாப்பிள்ளை கேமரா ஸ்டாண்ட நட்டு வச்சு, நான் கடைக்குக் கெளம்பின பொறவு.

நீங்க சிரிக்கிறீங்க. நான் எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன்.

மககிட்டச் சொல்லிப் பாத்தேன். விடுங்கப்பா, அதுக்கும் வயிறு இருக்குல்லன்னா. அதோட விட்டாளா, கூண்டுக் கொக்கிய நீங்க சரியா மாட்டியிருக்க மாட்டீங்கன்னா. யாரப் பாத்துச் சொல்றா? படுக்கப் போறதுக்குள்ள மூணு தரம் கேஸத் தொட்டுப் பாக்குறவன் நான்!

மாப்பிள்ளையவா? அவர எப்படிக் கேக்குறது தம்பி. அவரு வீட்ல இருக்கேன். கேட்டா, மாமாவுக்கு வயசாயிடுச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு. அதோட எனக்கு ஒருத்தர் மொகத்தப் பாத்துப் பேச வராது. நீங்க ஏணியில அந்தப் பக்கம் திரும்பி நிக்கவும்தான் இவ்வளவும் வருது.

ஐயோ, மேல அளக்காதீங்க. எறங்குங்க. மேல கம்பி நல்லாத்தான் இருக்கு, ஒரு விரல் போகாது. மேல வலை அடிக்கணும்னது மககிட்டச் சொல்றதுக்கு ஒரு சாக்கு. நீங்க இந்தக் கதவுக்கு ஒரு நாதாங்கி அடிச்சுக் குடுங்க, போதும். நான் போட்டா திருகாணி நிக்க மாட்டேங்குது. பூட்டு நான் வாங்கிட்டேன், அரிசி டின்னுக்குள்ள இருக்கு. சாவி ரெண்டும் என் இடுப்புல.

பருந்து கொக்கியத் தொறக்குமான்னா? போன வாரம் புல்லக் கூட்டுறப்ப வெள்ளை இறகு கெடந்துச்சு. நீட்டு இறகு, எல்லாம் ஒரு பக்கத்து இறக்கையோடது, அது இல்லன்னா புறாவுக்குப் பறக்க வராது. அடி நேரா இருக்கு, நறுக்குன மாதிரி. பருந்து பிய்க்கும் தம்பி, நறுக்காது. சமையல்கட்டுக் கத்தரிக்கோல்ல, நடுவுல ஆணி இருக்கும்ல, அதுல தூவி ஒட்டியிருந்துச்சு. கழுவக்கூட இல்ல. அதுலதான் என் மக காலைல பால் பாக்கெட் வெட்டுறா.

இன்னிக்கே அடிச்சுடுங்க. இன்னிக்கு சனிக்கிழமை.

மிச்சமா? நாலு. பழுப்பு மூணு, வெள்ளை ஒண்ணு.