திட்டும் உரிமையை ஆராய்ந்தவர்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் உமர் ஜத் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே, மந்தையை மடக்கிவிட்டு இந்த வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் எல்லையோரப் பன்னிப் புல்வெளியின் மக்களே, உங்கள் பள்ளி ஆசிரியன் கான்ஜி மேக்வாலின் வணக்கம்.

பேராசிரியர் மிருதுளா அஞ்சாரியா மறைந்துவிட்டார். துக்கத்தோடு பேச வேண்டிய இடம் இது. என்னால் கோபத்தோடுதான் பேச முடிகிறது.

காலையில் அவருடைய பல்கலைக்கழகம் ஒரு மாலை அனுப்பியிருக்கிறது. 'எங்கள் பெருமை' என்று அதில் எழுதியிருக்கிறது. யாருடைய பெருமை? அவரை வெளியே அனுப்பியவர்களின் பெருமையா? அந்த மாலையை நான் படத்துக்குப் போடவில்லை. வாசலில் கிடக்கிறது, எருமை தின்றால் தின்னட்டும்!

மானுடவியல் படித்துவிட்டு இந்தப் பாலைக்கு வந்தவர் எதை ஆராய்ந்தார்? நம் சாதியையா? மதத்தையா? இல்லை. யார் யாரைத் திட்டலாம், யார் யார் வீட்டு அடுப்பங்கரைக்குள் கூப்பிடாமல் நுழையலாம் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். உரிமையோடு திட்டுகிற இடத்தில்தான் மனிதர்கள் சொந்தமாகிறார்கள் என்றார். ஊர்வம்பு என்று சக பேராசிரியர்கள் சிரித்தார்கள்.

போரின்போது எல்லை தாண்டி வந்த சோடா குடும்பங்களை மேய்ச்சல் நிலத்திலிருந்து வெளியேற்ற ஒரு குழு வந்தது, நினைவிருக்கிறதா? உள்ளூர் யார், வெளியூர் யார் என்று பிரித்துக் கையெழுத்துப் போடும்படி நாம் 'பென்', அதாவது அக்கா, என்று கூப்பிட்ட மிருதுளா பென்னிடம் கேட்டார்கள். மறுத்தார். அதற்காகவே பல்கலைக்கழகம் அவர் வேலையைப் பறித்தது. மறுப்பது குற்றமா?

குழுவின் விசாரணை நாளில் அவர் நம் ஊர்க்காரர் ஹூர்பாய் ஜத்தை முன்னே அழைத்தார். அதிகாரி, பக்கத்து வீட்டு ரூப்கன்வர் சோடாவைக் காட்டி, இவள் வெளியூர்க்காரிதானே என்று ஹூர்பாயிடம் கேட்டார்.

"இவ வெளியூர்க்காரியா? நல்லா இருக்கே! தெனமும் எங்கூட மல்லுக்கு நிக்கிறவ. இவள அனுப்பிட்டா நான் யாரத் திட்டுறது, உங்களையா?"

"யாரு யாரத் திட்டுறது? உன் எருமதான்டி என் வேலிய மிதிச்சது," என்றார் ரூப்கன்வர்.

அதிகாரி அதட்டியும் இருவரும் நிறுத்தவில்லை. அப்போது மிருதுளா பென் அமைதியாகச் சொன்னார்: "இவங்களப் பிரிச்சுக் குடுக்க என்கிட்ட கையெழுத்துக் கேட்டீங்களே ஐயா. நீங்களே பிரிச்சுப் பாருங்க."

குழு அன்றே திரும்பிப் போனது. சோடா குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. மிருதுளா பென்னுக்கு மட்டும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் மேக்வால் தெருவில் ஒற்றை அறையில் வாழ்ந்தார், எழுதினார், சென்ற வாரம் காய்ச்சலில் இறந்தார். 'வெளியூர் ஆய்வாளர் மறைவு' என்று செய்தித்தாள் போடுகிறது. வெளியூரா? அவரைக் குளிப்பாட்டியது யார்? பாடையைச் சுமந்தது யார்? ஜத்துகளும் சோடாக்களும் மேக்வால்களும் தோள் மாற்றித் தூக்கிய உடல் எந்த வெளியூரைச் சேர்ந்தது?

பெரியோர்களே, திங்கட்கிழமை புதிய குழு வருகிறது. அதே கேள்வியோடுதான் வருகிறது. இம்முறை நமக்காகப் பேச அவர் இல்லை. அவர்கள் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இந்தக் கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும். ஆணும் பெண்ணும் எழுந்து நிற்போம். அதை மௌன அஞ்சலி என்று அவர்கள் நினைத்துவிட வேண்டாம். அன்று நாம் மௌனமாக இருக்கப் போவதில்லை; ஒருவரையொருவர் உரிமையோடு திட்டப் போகிறோம்.